மண்டபத்தில் கைதட்டியவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் சிறப்பு விருந்தினர் ஆற்றிய உரையைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் என் சொந்தக்காரர்களே அந்தக் காணொளியைப் பகிர்ந்து ‘நெத்தியடி’ என்று மெச்சிக்கொள்ளும்போது சும்மா இருக்க முடியவில்லை. சலிப்பு சோம்பேறிகளுக்கு வரும் நோயாம். பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருக்கும் நம் பையன்களே அதற்குச் சாட்சியாம்.

அந்தப் பையன்களில் ஒருவன் என் அக்காள் மகன். பன்னிரண்டு மணி நேரம் தொழிற்சாலையில் ஒரே இயந்திரத்தின் முன் நின்றுவிட்டு வருபவன் வேறு எங்கே உட்காருவான்? நாங்கள் வாழ்ந்த தோட்டத்து விளையாட்டுத் திடல் வீடமைப்பு வேலிக்குள் போய்விட்டது. மாமாக் கடை என்னும் உணவுக்கடையில் உட்கார்ந்தால் காசு வேண்டும். காசில்லாமல் நாலு பேரோடு இருக்க இடமில்லாத ஊர்தான் அவனைச் சலிக்க வைக்கிறது, அவன் குணமல்ல. பெண்பிள்ளைகளுக்கு அந்த நிறுத்தம்கூட இல்லை என்பது விருந்தினரின் கண்ணில் படவே இல்லை.

கித்தாத் தோட்டம், அதாவது ரப்பர் தோட்டம், சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, ஓடி, அதே நிரையில் அதே மரங்களைச் சீவிய என் அம்மாவைவிடச் சலிப்பை அறிந்தவர் யார்? ஆனால் பக்கத்து நிரையில் அவருக்குத் துணை இருந்தது. பால் நிறுக்கும் கொட்டகையில் பேச்சும் சண்டையும் இருந்தன. கித்தாவை அழித்துச் செம்பனை நட்டபோது, பத்துப் பதினைந்து நாளுக்கொரு முறை குலை வெட்டினால் போதும் என்றாகி, ஆட்கள் குறைந்தார்கள், நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்கள் காலியாயின, நாங்கள் அடுக்குமாடிக்கு வந்தோம். அங்கே எதிர்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதுகூட எனக்குத் தெரியாது.

‘நூலகத்துக்குப் போகலாமே’ என்று கேட்பவர்களுக்காக ஒன்று: ஆஸ்திரியாவில் மரியந்தால் என்ற ஊரில் நெசவாலை மூடப்பட்ட பின், 1930களின் தொடக்கத்தில் சமூக உளவியலாளர் மரி யஹோதாவும் அவருடைய தோழர்களும் ஆய்வு செய்தார்கள். வேலையிழந்தவர்களுக்கு நாளெல்லாம் ஓய்வு இருந்தும், நூலகத்தில் புத்தகம் இரவல் வாங்குவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. ஆண்கள் தெருவில் நின்று நின்று நடந்தார்கள். ஊரே ஒரு நாளில் சோம்பேறியாகிவிட்டதா?

கைத்தொலைபேசிதான் காரணம் என்கிறீர்களா? சரி, அதைப் பிடுங்கிவிட்டு அவன் கையில் எதைக் கொடுப்பீர்கள்?

‘நானும் லயத்தில் பிறந்தவன்தான், முன்னேறவில்லையா?’ என்று அவர் கேட்டாரே, அதுதான் எனக்கு வலித்தது. ஐயா, நீங்கள் எங்கள் லயத்தில் நான்கு வீடு தள்ளி இருந்தவர். இரவில் வாத்தியார் உங்களுக்கு இலவசமாகப் பாடம் சொன்னது தோட்டத்து மண்டபத்தில். அந்த மண்டபம் இடிக்கப்பட்ட அன்று நீங்கள் வரவில்லை, ஓர் அறிக்கைகூட விடவில்லை. இப்போது பொன்னாடை போர்த்திக்கொண்டு, உங்களுக்குக் கிடைத்த எதுவுமே கிடைக்காத பிள்ளைகளைப் பார்த்துச் சோம்பேறி என்கிறீர்கள். பேசி முடித்து அவர்களுக்குப் பந்துகளைப் பரிசளித்துப் படமும் எடுத்துக்கொண்டீர்கள், மிக்க நன்றி. அவற்றை எந்தத் திடலில் உதைக்கச் சொல்கிறீர்கள்?