கில் பில் பாட்டுக்காரம்மா இல்லீங்க, மெய்கோ காஜி

ஜப்பான் நடிகை மெய்கோ காஜின்னு பேரெடுத்தாலே "ஓ அந்த கில் பில் பாட்டு பாடுனவங்களா"ன்னு தான் கேக்குறாங்க, கடுப்பாகுது. 2003ல ஹாலிவுட் டைரக்டர் டரன்டினோ இவங்க பழைய பாட்டு ரெண்ட எடுத்து அந்த கில் பில் படத்துல வெச்சாரு, ஊரு உலகத்துக்கே தெரிஞ்சுச்சு, அத இல்லன்னு சொல்லல. ஆனா அந்தம்மா நடிக்க வந்தது 1965ல. நிக்காட்சு ஸ்டூடியோ, சொந்தப் பேரு மசாகோ ஓதா, நாலு வருஷம் பெருசா யாரும் கண்டுக்கல, 1969ல தான் மெய்கோ காஜின்னு பேர மாத்துறாங்க. அப்புறம் 71ல நிக்காட்சு நொடிச்சுப் போய் மொத்தமா செக்ஸ் படம் எடுக்க எறங்கவும் இவங்க கெளம்பி டோயேங்கிற இன்னொரு ஸ்டூடியோவுக்கு போயிட்டாங்க.

அங்க தான் ஸ்கார்பியன் சீரிஸ், ஜெயில்ல கெடக்குற ஒரு பொண்ணு பழிவாங்குற படங்க, மொதப் படம் 1972. மூலக்கதை ஒரு மாங்கா, அதாவது ஜப்பான் காமிக்ஸ், அதுல ஹீரோயின் வாயத் தொறந்தா கெட்ட வார்த்தை. இவங்க போட்ட கண்டிஷன் என்னன்னா, நான் பேசாம தான் நடிப்பேன். டைரக்டர் ஷுன்யா இதோவுக்கு அது முதல் படம் வேற, மனுஷன் எப்பிடி ஒத்துக்கிட்டாரோ! ரெண்டாவது பாகம் ஆரம்பத்துல ஜெயிலுக்கு அடியில ஒரு இருட்டு ரூம், கைகால கட்டிப் போட்டிருக்காங்க, இவங்க ஒரு ஸ்பூன வாயில கடிச்சுக்கிட்டு தரையில உரசி உரசி கூர் தீட்டுறாங்க, அந்த கர்ர்ர் சத்தமும் அந்த முழியும் தான், ஒரு வார்த்தை கெடையாது, எனக்கு பல்லு கூசிருச்சு.

இப்ப பாட்டுக்கு வர்றேன். படத்துல வாயே தொறக்காதவங்க அந்த ஸ்கார்பியன் படத்தோட "உராமி புஷி" பாட்டுல தான் பேசுறாங்க, கில் பில்ல வந்த ரெண்டுல இது ஒண்ணு. ஆம்பள புகழ்ந்து ஏமாத்திட்டுப் போன பொண்ணோட வயித்தெரிச்சல், எழுதுனது அதே இதோ தான். குரல் பெரிய குரல்லாம் இல்ல, உச்சஸ்தாயி கெடையாது, அழுகை கெடையாது, கணக்கு சொல்ற மாதிரி பாடிட்டுப் போறாங்க, அதான் பயமே. 1973ல வந்த லேடி ஸ்னோபிளட்லயும் அதே கதை, கொட்டுற பனி, குடைப்பிடிக்குள்ள கத்தி, பாட்டும் அவங்களே, கில் பில்ல வந்த இன்னொரு பாட்டு இது தான். பாட்ட மட்டும் தனியா கேட்டா பாதி தாங்க கெடைக்கும்.

ஆனா என் சண்டை இதுக்கில்ல, 1978ல டைரக்டர் மசுமுரா எடுத்த சொனேசாகி ஷின்ஜு படத்த ஏன் ஒருத்தரும் பேச மாட்டேங்குறீங்க? 1703ல சிகமாட்சு எழுதுன பொம்மலாட்டக் கதை, காதலனோட சேந்து சாகப் போற தாசிப் பொண்ணு ஓஹாட்சுவா இவங்க. ஜப்பான்ல குடுக்குற ப்ளூ ரிப்பன் சினிமா விருதுல சிறந்த நடிகை விருது வாங்குனது இதுக்கு தான். கத்தியும் இல்ல, ஸ்கார்பியன்ல போட்ட கறுப்புத் தொப்பியும் இல்ல. ஜப்பான்காரங்களுக்கோ இவங்க டிவில 1989லேர்ந்து 2016 வரைக்கும் ஓனிஹெய்ங்கிற சரித்திர சீரியல்ல வந்த ஒமாசாங்கிற பாத்திரம். நம்ம ஆளுங்களுக்கு மட்டும் அந்த ரெண்டு பாட்டு.

சொனேசாகி பாருங்க. முன்ன பேச மாட்டேன்னவங்க இதுல மூச்சு விடாம பேசுறாங்க, எனக்கு கெடச்ச காப்பில சப்டைட்டில் பாவம் பின்னாடியே ஓடி வந்து பல எடத்துல கோட்டை விட்ருச்சு.