அட்வாவில் ஈட்டி மட்டும் இல்லை

எத்தியோப்பியா இத்தாலியைத் தோற்கடித்த அட்வா போரை, பொம்மை வீரர்களை வைத்து மேசைமேல் போர் விளையாட்டாக ஆடுவதைப் பற்றி, "அட்வாவை டேபிளில் ஆடுவது சுலபம், எத்தியோப்பியர் பக்கம் ஈட்டி ஏந்திய கூட்டம், இத்தாலியர் பக்கம் துப்பாக்கி ஏந்திய வெள்ளையர்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பொம்மை வாங்கும் முன் இதை நம்பிவிடாதீர்கள். இரண்டு பக்கமும் தப்பு.

1896 மார்ச் 1 அன்று, போர் நடந்த நாளில், எத்தியோப்பியப் பேரரசர் மெனலிக்கின் படையில் பெரும்பாலானோர் கையில் துப்பாக்கி இருந்தது. ரெமிங்டன், கிரா, வெட்டர்லி என்று கலவையாக இருந்தாலும், சுடுகிற துப்பாக்கிதான். கூடவே பீரங்கிகளும் உண்டு. இத்தாலியே சில வருஷம் முன்னால் மெனலிக்குக்குத் துப்பாக்கி கொடுத்தது என்பதுதான் வேடிக்கை. ஈட்டியும் கேடயமும் இருந்தன, ஆனால் அவை மட்டும் என்றால் ஆட்டமே வேறாகிவிடும்.

இத்தாலியத் தளபதி பாரத்தியெரியின் சுமார் 17,000 பேரிலும் எல்லாரும் வெள்ளையர் இல்லை. அவருக்குக் கீழிருந்த தளபதி அல்பெர்தோனேயின் படைப்பிரிவில் பெரும்பாலும் எரித்ரிய அஸ்காரிகள், அதாவது இத்தாலிக்காகப் போரிட்ட உள்ளூர் வீரர்கள். சிவப்புத் தொப்பி, வெள்ளை உடை. பெயிண்ட் அடிக்க அழகாக இருக்கும், முகத்துக்கு மட்டும் பழுப்பு நிறத்தில் இரண்டு மூன்று சாயல் தேவைப்படும்.

அப்புறம், தோல்விக்கு எண்ணிக்கை மட்டும் காரணமில்லை. இரவு நடையில், தவறான வரைபடத்தை நம்பி அல்பெர்தோனே மற்றவர்களை விட்டு வெகுதூரம் முன்னால் போய்விட்டார். இத்தாலியப் படைப்பிரிவுகளைத் தனித்தனியாக, ஒன்றுக்கொன்று உதவ முடியாத தூரத்தில் வையுங்கள். நடுவில் மலை முகடுகளை நெருக்கமாக அடுக்குங்கள். ஒரே நேர்கோட்டில் எல்லாரையும் நிறுத்தினால் அது அட்வா ஆகாது.