பாரிமுனையோடு சென்னை முடிந்துவிடுகிறதா?

வெளியூர்ச் சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் இதே கதைதான். மெரினா, பெசன்ட் நகர், மகாபலிபுரம். பாரிமுனைக்கு வடக்கே, எங்கள் வடசென்னைப் பக்கம், ஊரே இல்லாத மாதிரி திரும்பிப் போய்விடுகிறார்கள். கூப்பிட்டால், "அந்தப் பக்கமெல்லாம் வரலாமா?" என்று ஒரு கேள்வி வேறு. எங்கள் பிள்ளை குட்டிகள் இங்கேதானே வளர்கிறார்கள்! அதைக் கேட்கும்போதுதான் எனக்கு வயிறு எரிகிறது.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. அந்தத் தூண் வைத்த கட்டடம் இன்னும் நிற்கிறது. நின்று பார்க்க ஆள் இல்லை. திருவொற்றியூர் தியாகராஜர் கோயில் தேவாரப் பாடல் பெற்ற தலம், அங்கேயே கடலோரத்தில் பட்டினத்தார் சமாதி.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு வெயில் ஏறுவதற்கு முன்னால் வர வேண்டும். ஏலம் போடும் குரல், ஈரத் தரை, கூடையில் இன்னும் துள்ளும் மீன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது, அப்போது வராதீர்கள். சாயங்காலம் பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ. பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த சாப்பாடு. நூடுல்ஸில் முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், நொறுக்கிய தட்டை எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப்.

இத்தனையும் விட்டுவிட்டு, "சென்னையில் பார்க்க என்ன இருக்கிறது, ஒரே வெயில்" என்கிறார்கள். முதலில் மின்ட் ஏரியாவைத் தாண்டி இந்தப் பக்கம் வாருங்கள், அப்புறம் பேசலாம்.