இல்லாத மரணத்தை எழுதிக் கொடுக்காதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தைக் கருத்தரங்கில் இருந்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று விளங்கும். பிரித்தானியாவில் மருத்துவம் படிக்க விண்ணப்பிக்கும் பிள்ளைகள், விண்ணப்பத்தோடு தங்களைப் பற்றி எழுதும் கூற்றான பர்சனல் ஸ்டேட்மென்டில் போரில் இறந்த உறவினர் ஒருவரைச் சேர்க்க வேண்டுமாம் என்றார்கள் அதை நடத்தியவர்கள். அப்படி ஒருவரும் இல்லையென்றால் தாங்களே எழுதித் தருவார்களாம். 2009இல் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாரும் அந்த மண்டபத்தில் இருந்தார்கள்.

பிள்ளையின் கூற்றைப் பிள்ளைதான் எழுத வேண்டும். 2026 அனுமதியிலிருந்து, பிரித்தானியப் பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் அமைப்பான யூகாஸ் இந்தக் கூற்றுக்கு மூன்று கேள்விகளைக் கேட்கிறது: ஏன் இந்தத் துறை, படிப்பு உங்களை எப்படித் தயார்ப்படுத்தியது, வகுப்பறைக்கு வெளியே என்ன செய்தீர்கள். இடைவெளிகளும் அடங்கலாக மொத்தம் 4000 எழுத்துகள். இதில் எந்தக் கேள்வி மரணத்தைக் கேட்கிறது?

எங்கள் தொடர்மாடியில் ஒரு பிள்ளை, கிளிநொச்சியிலிருந்து வந்த தன் அம்மம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிச் சென்று, சிங்களம் பேசும் வைத்தியருக்கு அவர் சொல்வதை எடுத்துச் சொல்பவள். நீரிழிவுக் குளிசைகளைப் பாதி நாள் போடாத அம்மம்மா, "டொக்டரிட்டச் சொல்லிப்போடாத பிள்ளை" என்று கெஞ்ச, சொல்வதா மறைப்பதா என்று அவள் தவித்திருக்கிறாள். மருத்துவராக விரும்பும் பிள்ளை எழுத இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அந்தக் கருத்தரங்கிலிருந்து வந்தவள் என்னிடம், "எங்கட வீட்டில ஒருத்தரும் சாகேல்லையே மாமி, நான் என்னத்தை எழுதுறது?" என்று கேட்டாள்.

எல்லோரும் செய்வதுதானே, யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்பீர்கள். எட்டு வயதில் பைஜாமாவில் ஓட்டை விழ எரித்துக்கொண்ட ஒரே கதையை 234 பேர் எழுதியிருந்ததை 2007இல் யூகாஸ் கண்டுபிடித்தது. ஒரே மாதிரியான கதைகளைக் கண்டுபிடிக்கும் மென்பொருளுக்குத் தப்பினாலும், நேர்முகத்தேர்வில் அந்த உறவினரைப் பற்றி அடுத்த கேள்வி வரும்போது பிள்ளை தனியாகத்தான் இருக்கும். ஆங்கிலம் தடுமாறும் பிள்ளைக்கு இலக்கணம் திருத்திக் கொடுங்கள், அதில் பிழையில்லை. இங்கே பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளியில் தசமத்தால் இடம் தவறிய பிள்ளை வேறென்ன செய்யும் என்று கேட்பவர்களின் வேதனை எனக்கும் தெரியும். அந்த வேதனையையே அந்தப் பிள்ளை எழுதட்டும், அது அதனுடையது.

நான் தம்பியை இழந்தவள். எந்தப் படிவத்திலும் அவன் பெயரைச் சலுகைக்காக எழுதியதில்லை. எங்கள் வீட்டுச் சாவைக் கட்டணம் வாங்கிக்கொண்டு இன்னொரு பிள்ளையின் விண்ணப்பத்தில் ஒட்டுவதற்கு உங்களுக்கு யார் உரிமை தந்தது?

மருத்துவ விண்ணப்பங்களுக்கு ஒக்டோபர் 15 கடைசி நாள். தாங்களே எழுதியதைக் கொண்டுவரும் எந்தப் பிள்ளையுடனும் அதுவரை மாலையில் உட்கார்ந்து வாசிப்பேன், காசு வேண்டாம். ஒரு வரியும் எழுதித் தர மாட்டேன்.