‘குணமாகும்’ என்று எழுதாதீர்கள்

வெளிநாட்டில் குடல் நோயைக் கஞ்சா கொடுத்தே குணமாக்குகிறார்கள், இங்கேயும் கொடுக்கலாமே என்று கட்டுரையாளர் ஐயா கேட்டிருக்கிறார். நான் திருமங்கலத்துக்காரன். 9 வருடமாக கிரோன்ஸ் நோய், அதாவது குடலில் அழற்சி வந்து நாள்பட்டு நீடிக்கும் நோய். முதலில் குடல் டிபி என்று நினைத்து 6 மாதம் மாத்திரை கொடுத்தார்கள். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் நம் நாட்டில் பலருக்கு இப்படி ஆகிறது. மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் என் கண் முதலில் தேடுவது கழிப்பறையைத்தான். அழகர் ஆற்றில் இறங்குவதை நேரில் பார்த்து எத்தனையோ வருடமாச்சு.

வலியில் சுருண்டு கிடந்த ராத்திரிகளில் எனக்கும் கஞ்சாவை எடுத்துப் பார்க்கலாமா என்ற ஆசை வந்திருக்கிறது. ஆனால் கிரோன்ஸ் நோயாளிகளுக்குக் கஞ்சா கொடுத்துப் பார்த்து 2013இல் வெளியான இஸ்ரேல் ஆய்வில் இருந்தவர்கள் மொத்தமே 21 பேர். கஞ்சா எடுத்தவர்களுக்கு வலி குறைந்தது, பசித்தது, தூக்கம் வந்தது. நோய் முழுதாக அடங்கியது 11 பேரில் 5 பேருக்கு. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்துச் சத்து இல்லாததை எடுத்த 10 பேரில் ஒருவருக்கு. இவ்வளவு சின்னக் கூட்டத்தை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. பின்னால் வந்த சோதனைகளிலும் குடலின் அழற்சி ஆறியதற்குச் சான்று கிடைக்கவில்லை. சிகரெட் புகை கிரோன்ஸை மோசமாக்கும் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்த விஷயம். இங்கே 1985ஆம் வருட போதைப்பொருள் சட்டப்படி கஞ்சா பொட்டலம் வைத்திருந்தாலே குற்றம்.

முறையான ஆராய்ச்சிக்கு அனுமதி கேளுங்கள், முதல் கையெழுத்து நான் போடுகிறேன். எங்கள் பக்கத்துத் தம்பி ஒருவன் இதுபோல் எதையோ படித்துவிட்டு நோயை அடக்கி வைக்கும் அசாதியோபிரின் மாத்திரையை நிறுத்தினான். குடல் அடைத்து ஆபரேஷன் வரை போய்விட்டது. அந்த ‘குணமாக்குகிறார்கள்’ என்ற வார்த்தையை மட்டுமாவது எடுத்துவிடுங்கள் ஐயா.