டேட்டாவை அணைத்தாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும்

மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டால் நாம் இருக்கும் இடம் எந்த ஆப்புக்கும் தெரியாது என்று சொல்கிறார்கள். மன்னிக்கவும், அது சரியில்லை. சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் சிக்னலை வாங்கி, நாம் இருக்கும் இடத்தை நம் போனே கணக்குப் போட்டுக்கொள்கிறது, ரேடியோ கேட்பது போலத்தான், இதற்கு நெட் தேவையில்லை. அனுமதி வாங்கிய ஆப் அதைக் குறித்து வைத்துக்கொண்டு, நெட் வந்ததும் அனுப்பிவிட முடியும்.

நீங்களே பாருங்கள்: கூகுள் மேப்ஸில் உங்கள் ஊர் வரைபடத்தை ஆஃப்லைனுக்கு இறக்கிவைத்து, டேட்டா, வைஃபை இரண்டையும் அணைத்துவிட்டு, லொகேஷனை மட்டும் ஆன் செய்து தெருமுனை வரை நடங்கள், முதலில் கொஞ்ச நேரம் தடுமாறினாலும் அப்புறம் அந்த நீலப்புள்ளி உங்களோடு கூடவே நகரும். துல்லியமான இடம் தெரியக்கூடாது என்றால் செட்டிங்ஸில் அந்த ஆப்பின் லொகேஷன் அனுமதியை எடுத்துவிடுங்கள்.