சிவ கேசவன் வென்றது ஒலிம்பிக் தங்கம் அல்ல

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வர்த் பக்கம் நம் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றுகிறது: “லூஜ் போட்டியில் ஒலிம்பிக் தங்கம் வென்ற தமிழர் சிவ கேசவன்.” இது தவறு.

லூஜ் என்பது சின்னச் சறுக்குவண்டியில் மல்லாந்து படுத்து, காலை முன்னே நீட்டி, பனிக்கட்டித் தடத்தில் பாய்ந்து இறங்கும் போட்டி. கேசவன் 1998 முதல் 2018 வரை ஆறு ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகக் களமிறங்கினார். பதக்கம் கிடைக்கவில்லை. 2006 டூரினில் வந்த 25ஆம் இடம்தான் அவருடைய சிறந்த முடிவு. அங்கே தங்கம் இத்தாலியின் ஆர்மின் சோகெலருக்கு.

சரி, குழப்பம் எங்கிருந்து வந்தது? ஜப்பானிலுள்ள நாகானோ என்ற ஊர்ப்பெயரால்தான் என்று நினைக்கிறேன். 1998 ஒலிம்பிக் அங்கேதான் நடந்தது. 16 வயதில் அவர் கலந்துகொண்டார். 2011இல் அதே ஊரில் தங்கமும் வென்றார். ஆனால் அது ஆசியச் சாம்பியன்ஷிப். அதுவும் லேசுப்பட்ட காரியமில்லை. இந்தியாவில் பனித்தடம் இல்லாததால், வண்டியில் சக்கரம் பொருத்தி, லாரிகள் ஓடும் இமயமலைச் சாலையில் பயிற்சி எடுத்தவர் அவர்.

அப்புறம், அவர் தமிழரும் அல்லர். பிறந்து வளர்ந்தது மணாலி பக்கம். அப்பா மலையாளி, அம்மா இத்தாலியர். படத்தை அனுப்பியவரிடம் “ஆசியத் தங்கம்” என்று திருத்தி அனுப்பச் சொல்லுங்கள்.